போர்க்காலத்தில் லைட்ஹவுஸ் குடும்பங்கள்: ஃபேர் ஐல் தீவிலிருந்து ஒரு கேள்வி

உப்புக்காற்று (அபர்டீன்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நான் படிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. ஆனால் இரண்டு வாரமாக ஒரு விஷயம் மனதை விட்டு அகலவில்லை. அதனால் இந்த இழை.

என் அப்பா லைட் கீப்பர். தென் தமிழகக் கரையில் அடுத்தடுத்து மூன்று ஸ்டேஷன்களில் வேலை பார்த்தார். பள்ளிப் படிப்பு முடியும் வரை நான் வளர்ந்ததெல்லாம் லைட்ஹவுஸ் குவார்ட்டர்ஸில்தான். பிறகு எண்ணெய்க் கம்பெனி வேலைக்காக இந்த ஊருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கே போனாலும் பக்கத்தில் கலங்கரை விளக்கம் இருந்தால் அதைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன்.

இந்தக் கோடையில் ஃபேர் ஐல் போனேன். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி, ஷெட்லாண்டு தீவுக்கூட்டங்களுக்கு நடுவில், சுற்றிலும் கடலோடு தனியாகக் கிடக்கிற தீவு. நீளம் மூன்று மைல், அவ்வளவுதான். தெற்கு முனையில் ஒரு விளக்கு, வடக்கு முனையில் ஒன்று. இரண்டும் 1892-ல் ஸ்டீவன்சன் குடும்பத்துப் பொறியாளர்கள் கட்டியவை. தெற்கு விளக்கில்தான் ஸ்காட்லாந்தின் கடைசி கீப்பர்கள் இருந்தார்கள். 1998 மார்ச் மாதம் அதுவும் தானியங்கி ஆகிவிட்டது.

அந்தத் தெற்கு விளக்கில் நடந்தது இது. 1941 டிசம்பரில் ஜெர்மன் விமானம் ஒன்று தாழப் பறந்து வந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. உதவி கீப்பரின் மனைவி இறந்துபோனார். அவருடைய கைக்குழந்தைக்குச் சின்னக் காயம். சுமார் ஆறு வாரம் கழித்து, 1942 ஜனவரியில், மறுபடியும் விமானம் வந்தது. இந்த முறை குண்டு குடியிருப்புக் கட்டடத்தின் மேலேயே விழுந்து, தீப்பிடித்து எரிந்தது. தலைமை கீப்பரின் மனைவியும் அவர்களுடைய 10 வயது மகளும் இறந்தார்கள்.

பத்து வயதில் நானும் அப்படி ஒரு வீட்டில்தான் இருந்தேன். அந்தக் கோபுரத்தடியில் நின்றபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போர்க்காலத்தில் லைட்ஹவுஸ் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன? யாருக்காவது தெரிந்தால், எந்த நாட்டுக் கதையானாலும் சரி, எழுதுங்கள்.

கரைவலை

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அந்தக் கைக்குழந்தை தாயில்லாமல் எப்படி வளர்ந்ததோ.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? லைட்ஹவுஸில் வளர்வது எப்படி இருக்கும்? ராத்திரி முழுக்க வெளிச்சம் ஜன்னல் வழியாக அறைக்குள் வந்துவந்து போகுமா? சின்ன வயதில் மணப்பாடு பக்கம் போனபோது, அங்கே இருப்பவர்கள் எப்படித் தூங்குவார்கள் என்று அம்மாவிடம் கேட்டேனாம்.

உப்புக்காற்று (அபர்டீன்)

கரைவலை, எல்லோரும் கேட்கிற கேள்வி இது. விளக்கின் கதிர் கடலை நோக்கி நேராகப் போகும். கோபுரத்துக்குக் கீழே இருக்கிற வீட்டுக்குள் அது வராது, தலைக்கு மேலே போய்விடும். எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் தூரத்தில் சவுக்குத் தோப்பின் உச்சி மட்டும் ஒரு நொடி வெளுத்து மறுபடி கறுக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் தூங்குவோம். ஊருக்கெல்லாம் வெளிச்சம், எங்கள் வாசலில் இருட்டு என்று பாட்டி சொல்லுவாள்.

விளக்கு என்றால் ஏதோ பெரிய இயந்திரம் என்று நினைப்பார்கள். அந்தக் காலத்து விளக்கு கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸ் மாதிரிதான்: மண்ணெண்ணெயைச் சூடாக்கி ஆவியாக்கி, மேண்டிலில் எரிய விடுவது. ஏற்றுவதற்கு முன்னால் ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்ற வேண்டும். அதிசயம் எல்லாம் அதைச் சுற்றி இருக்கிற கண்ணாடியில்தான். ஆள் உயர லென்ஸ். பாதரசத் தொட்டியில் மிதக்கும், ஒரு விரலால் தள்ளினால் சுற்றும். அதைச் சுழற்றுவதற்குக் கடிகாரம் மாதிரி எடைக்கல் உண்டு. அதைக் கையால் சுற்றி மேலே ஏற்ற வேண்டும், இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப.

பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. பித்தளைச் சாமான்களுக்கு பிராசோ போட்டுத் துடைப்பது எங்கள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் விளக்கறையைச் சுற்றித் திரை கட்ட வேண்டும், அதை அப்பா ஒருநாளும் மறந்ததில்லை. வெயில் அந்த லென்ஸ் வழியாக உள்ளே வந்தால் பூதக்கண்ணாடி மாதிரி ஒரே இடத்தில் குவியும், தீப்பிடித்துவிடும். காலையில் திரை கட்டுவது, சாயங்காலம் திரை அவிழ்ப்பது. எங்கள் வீட்டில் நாள் என்பது அதுதான்.

ஃபேர் ஐலில் அந்தச் சிறுமிக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். அங்கும் கீப்பர்கள் முறை வைத்து விழித்திருப்பார்கள், பிள்ளைகள் தீவின் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவார்கள், சில வருடத்துக்கு ஒருமுறை வேறு விளக்குக்கு மாற்றல் வரும். என்னுடைய அனுபவத்தில் இல்லாதது போர் மட்டும்தான்.

நங்கூரம் (தூத்துக்குடி)

தம்பி, வணக்கம். நான் வணிகக் கப்பலில் முப்பத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கடலில் இருந்து பார்ப்பவன் பக்கத்தை நான் சொல்கிறேன்.

ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு முகம் உண்டு. எத்தனை நொடிக்கு எத்தனை மின்னல் என்பதுதான் அந்த முகம். தம்பி போய் வந்த தீவிலேயே பாருங்கள்: தெற்கு விளக்கு 30 நொடிக்கு நான்கு முறை மின்னும், வடக்கு விளக்கு 30 நொடிக்கு இரண்டு முறை. இருட்டில் எண்ணிப் பார்த்தே நாம் எந்த முனைக்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். கலங்கரை என்ற சொல்லில் இருக்கிற ‘கரை’யும் கடற்கரை இல்லை. கரைதல் என்றால் அழைத்தல், காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். கலத்தைக் கூப்பிடுகிற விளக்கு.

சிக்கலும் அங்கேதான். கூப்பிடுகிற விளக்கு நம் கப்பல், எதிரிக் கப்பல் என்று பார்க்காது. நமக்குத் தெரிந்த உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்தது. முதல் உலகப் போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் சென்னைத் துறைமுக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் இருந்த கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டிருந்தது. அதன் கேப்டன் முல்லருக்கு வேறென்ன வேண்டும்? அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரை விட்டு ஜனங்கள் ஓடினார்கள். கெட்டிக்காரனை, எமகாதகனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம் இன்றைக்கும் சொல்வது அந்த ராத்திரியில் இருந்துதான்.

அடுத்த போரில் யாரும் அந்தத் தவறைச் செய்யவில்லை. 1939-ல் போர் தொடங்கியதும் பிரிட்டனைச் சுற்றி விளக்குகளை அணைத்தார்கள் அல்லது மங்கலாக்கினார்கள். கப்பல் தொடர் வருகிறது, இந்த நேரத்துக்கு விளக்கு வேண்டும் என்று கடற்படை கேட்டால் மட்டும் ஏற்றுவார்கள். அது போனதும் மறுபடி இருட்டு. கீப்பருக்கு வேலை குறைந்தது என்று நினைக்காதீர்கள். எப்போது கேட்பார்கள் என்று தெரியாமல், அணைந்த விளக்கின் பக்கத்தில் இரவெல்லாம் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். எரிகிற விளக்கைக் காப்பது சுலபம்.

மயிலைக்காரன்

உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கொஞ்சம் பேசுவோம். ஃபேர் ஐலின் வார்டு ஹில் குன்றில் அந்தப் போரின்போது ரேடார் நிலையம் இருந்தது. விளக்கே கடற்படை சொன்னபடிதான் எரிந்தது என்று நங்கூரம் ஐயாவே எழுதியிருக்கிறார். அப்படியென்றால் அது போர்க் கருவிதானே? எதிரி அதைத் தாக்குவான் என்பது எதிர்பார்க்க வேண்டியது.

என்னுடைய கேள்வி வேறு. டிசம்பரில் ஒரு தாய் இறந்த பிறகும் அந்தக் குடும்பங்களை ஏன் அங்கேயே வைத்திருந்தார்கள்? ஆறு வாரம் இருந்ததே. ஒரு படகு போதுமே. விமானியைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும்.

உப்புக்காற்று (அபர்டீன்)

மயிலைக்காரன், நீங்கள் கேட்டதை நானும் அந்தத் தீவிலேயே என்னிடம் கேட்டுக்கொண்டேன். அதனால் கோபமில்லை. ஆனால் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், எங்கே அனுப்புவது? 1939 செப்டம்பர் முதல் நகரத்துப் பிள்ளைகளைக் கிராமத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த நாடு அது. 1941 மார்ச்சில் கிளாஸ்கோ பக்கத்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் இரண்டே இரவில் குண்டு போட்டதில், சேதமில்லாமல் தப்பிய வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் இருக்கிற இந்த அபர்டீனிலும் குண்டு விழுந்தது. அப்போது ஒரு தாயிடம், மூன்று மைல் நீளத் தீவு பத்திரமா, நகரம் பத்திரமா என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பாள்? தீவு என்றுதானே.

இரண்டாவது, லைட்ஹவுஸ் குடும்பத்துக்கு வேறு வீடு கிடையாது. இதை வெளியில் இருப்பவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். அப்பாவின் வேலை போனால் எங்கள் வீடு போகும், அப்பாவுக்கு மாற்றல் வந்தால் வீடும் மாறும். சொந்த ஊர் என்று கேட்டால் நான் இன்றைக்கும் யோசிப்பேன். அந்தப் பெண்கள் கணவனை விட்டுவிட்டு எந்த வாசல்படியை நோக்கிப் போயிருப்பார்கள்?

ரேடார் இருந்தது உண்மைதான், குன்றின் மேல் அதன் மிச்சத்தைப் பார்த்தேன். ஆனால் ரேடார் குன்றில் இருக்கிறது, இவர்கள் இறந்தது தெற்கு முனையில், சமையலறையும் படுக்கையறையும் இருந்த கட்டடத்தில். விளக்கு போர்க் கருவி ஆகலாம். கைக்குழந்தையோடு இருந்த பெண் எப்படி ஆவாள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே தீவின் மேட்டுப் புல்வெளியில் ஒரு ஜெர்மன் ஹைன்கல் விமானத்தின் சிதைவு இன்னும் கிடக்கிறது. 1941 ஜனவரியில், வானிலை பார்க்க வந்தபோது அடிபட்டு விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், மூன்று பேர் பிழைத்தார்கள். உலோகமெல்லாம் வெளுத்து, ஆடுகள் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனாலும் தெற்கு விளக்கில் நடந்ததைச் சரி என்று என்னால் சொல்ல முடியாது.

வெளிச்சவீட்டடி (டொராண்டோ)

நான் காங்கேசன்துறை. எங்கள் ஊரில் கலங்கரை விளக்கம் என்று யாரும் சொல்வதில்லை. வெளிச்சவீடு என்போம். பருத்தித்துறையிலும் அப்படித்தான். சின்ன வயதில் அந்தச் சொல்லைப் பற்றி யோசித்ததே இல்லை, இந்த இழையைப் படித்த பிறகுதான் அதற்குள் ‘வீடு’ இருப்பது உறைத்தது.

எங்கள் வெளிச்சவீடு 1890-களில் கட்டியது. அம்மம்மா வீட்டு மொட்டைமாடியில் இருந்து பார்த்தால் தெரியும். சண்டை வந்த பிறகு அது எரியவில்லை. 1990-ல் ‘வலிகாமம் வடக்கு’ பகுதியே எழும்பி வெளிக்கிட்டது, நாங்களும் வெளிக்கிட்டோம். கையில் எடுத்தது ஒரு பயணப் பையும் அம்மம்மாவின் தையல் மெஷினும். அதற்குப் பிறகு அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் ஆனது, யாரும் போக முடியவில்லை. வெளிச்சவீடும் உள்ளே மாட்டிக்கொண்டது.

முல்லைத்தீவு வெளிச்சவீட்டையும் சண்டை விழுங்கியது. மீன்பிடிக்கிற சனத்துக்கு அது என்ன இழப்பு என்று ஐயா போன்றவர்களுக்குத் தெரியும்.

மயிலைக்காரன் ஐயாவுக்கு ஒன்று. ‘ஏன் முன்னமே எழும்பிப் போகவில்லை’ என்ற கேள்வியை எங்களிடமும் கனபேர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கிழமையும், அடுத்த கிழமை ஓயும் என்றுதான் இருந்தோம். ஆறு வாரம் என்பது உங்களுக்கு நீண்ட காலம். வீட்டுக்குள் இருப்பவருக்கு அது ஒரு நெல் மூட்டை முடிகிற காலம்.

மயிலைக்காரன்

சகோதரி, நீங்கள் சொன்னது சரி. அந்தக் கேள்வியை நான் நிர்வாகத்தை நோக்கித்தான் வைத்தேன், குடும்பங்களை நோக்கி இல்லை. ஆனால் எழுதிய விதத்தில் அது அவர்கள் மேல் விழுகிறது. மன்னிக்கவும்.

மழைக்காடு (விக்டோரியா, கனடா)

கனடாவின் மேற்குக் கரையில் இருந்து ஒரு கதை. இதில் யாரும் இறக்கவில்லை, அதனால் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு படிக்கலாம்.

வான்கூவர் தீவின் வெளிக்கரையில், ஹெஸ்கியாட் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில், எஸ்டெவன் பாயிண்ட் விளக்கு இருக்கிறது. கோபுரமே ஒரு அழகு: கான்கிரீட் தண்டைச் சுற்றிலும் பறக்கும் தாங்குவளைவுகள், 30 மீட்டர் உயரம். ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் மழைக்காடு, பக்கத்தில் சாலை கிடையாது.

1942 ஜூன் 20, இரவு பத்து மணி போல. கோடை என்பதால் முழு இருட்டு இன்னும் வரவில்லை. ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-26 கரையை நெருங்கி மேலே வந்து பீரங்கியால் சுட ஆரம்பித்தது. கீப்பர் ராபர்ட் லாலி மேலே ஓடி விளக்கை அணைத்தார். 25-க்கும் மேற்பட்ட குண்டுகள் வந்தன. சில கரைக்கு முன்னாலேயே விழுந்தன, சில தலைக்கு மேலே போய்க் காட்டுக்குள் விழுந்தன. ஒன்றுகூடக் கோபுரத்தில் படவில்லை. அடுத்த நாள் இரவு இன்னொரு நீர்மூழ்கி, ஐ-25, அமெரிக்காவின் ஒரிகன் கரையில் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் கோட்டையைச் சுட்டது.

எஸ்டெவனில் வானொலி நிலையமும் இருந்தது, அதனால் குறி வைத்திருக்கலாம். ஆனால் குறி தப்பினாலும் வேலை நடந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வெளிக்கரை விளக்குகளை அணைக்கச் சொன்னார்கள். அந்தக் கரையை நான் படகில் போய்ப் பார்த்திருக்கிறேன்: பாறை, மூடுபனி, மறுபடியும் பாறை. விளக்கில்லாமல் அங்கே கப்பல் ஓட்டியவர்கள் பட்ட பாடு கொஞ்சமாக இருக்காது.

குழந்தைகளைப் பற்றி உப்புக்காற்று கேட்டிருந்தார். இங்கேயும் ஸ்டேஷன்களில் குடும்பங்கள் இருந்தன. தபால் வழியாகப் பாடம், மாதக்கணக்கில் ஒருமுறை வரும் சரக்குப் படகு. அப்படிப்பட்ட ஒரு தனிமையில் முதல் தடவையாகக் கடலில் இருந்து பீரங்கிச் சத்தம் கேட்டால் ஒரு பிள்ளை என்ன நினைக்கும்?

கரைவலை

ஐயாவிடம் ஒரு சந்தேகம். தாக்கிவிட்டுப் போன பிறகு ஃபேர் ஐல் விளக்கு என்ன ஆயிற்று? எரிந்த வீட்டுப் பக்கத்தில் கோபுரம் அப்படியே நின்றதா?

நங்கூரம் (தூத்துக்குடி)

நின்றது. அந்தக் கதையைச் சொல்லத்தான் மறுபடி வந்தேன்.

ஜனவரித் தாக்குதலுக்குப் பிறகு தெற்கு விளக்கை மறுபடி வேலைக்குக் கொண்டுவர ஆள் வேண்டும். வடக்கு விளக்கில் உதவி கீப்பராக இருந்தவர் ரோடெரிக் மெக்காலே. புயல் காற்று, பனி குவிந்து வழி மூடிக் கிடக்கிறது. அந்த மூன்று மைலை நடந்தே கடந்து தெற்கு விளக்குக்கு வந்தார், அதைச் சரிசெய்ய உதவினார். வேலை முடிந்ததும் அங்கே தங்கவில்லை. அதே இரவு இருட்டில் திரும்பி நடந்து போய், வடக்கு விளக்கில் தன்னுடைய முறைக்கு நின்றார். பிறகு அவருக்கு பிரிட்டிஷ் எம்பயர் மெடல் கொடுத்தார்கள்.

சரி, மெடலை விடுங்கள். அந்த ராத்திரியை நினைத்துப் பாருங்கள். தலைமை கீப்பருக்கு மனைவியும் இல்லை, மகளும் இல்லை, வீடு கரியாகிவிட்டது. கோபுரத்தில் மட்டும் வேலை நடக்கிறது. கடலில் யாரோ வருகிறார்கள், அவர்களுக்கு அந்த முனை தெரிய வேண்டும். எத்தனையோ இரவு மழையிலும் பனியிலும் ஒரு விளக்கைத் தேடி நான் கப்பலை ஓட்டும் மேல்தளத்தில் நின்றிருக்கிறேன். தெரிந்ததும் ‘அப்பாடா’ என்று காபி கேட்பேன். அந்த விளக்குக்குக் கீழே அன்றைக்கு என்ன நடந்தது என்று முப்பத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் நினைத்ததில்லை. அதை இந்த வயதில் நினைக்கிறேன்.

ஃபேர் ஐல் மட்டும் இல்லை. அதே 1942 ஜனவரியில் ஷெட்லாண்டின் அவுட் ஸ்கெரீஸ் தீவுகளில், கரை ஸ்டேஷன் மேல் விழுந்த குண்டில் விளக்குப் படகுக்காரரின் தாய் இறந்தார். இங்கிலாந்தின் தென்கரையில், வைட் தீவின் செயின்ட் கேத்தரின்ஸ் விளக்கில், 1943 ஜூன் 1 அன்று மூன்று கீப்பர்கள் பதுங்கிக்கொண்ட இயந்திர அறையிலேயே குண்டு விழுந்து மூன்று பேரும் போனார்கள். விளக்குக் கப்பல்களின் கதி அதைவிட மோசம். அவை விளக்கைச் சுமந்துகொண்டு, நகர முடியாமல் நங்கூரத்தில் கட்டிக் கிடப்பவை. ஈஸ்ட் டட்ஜன் என்ற விளக்குக் கப்பலை 1940 ஜனவரியில் விமானங்கள் தாக்கின. எட்டு பேரும் சிறு படகில் இறங்கித் துடுப்புப் போட்டார்கள். கரையை நெருங்கும்போது படகு கவிழ்ந்து, குளிரில் ஏழு பேர் செத்தார்கள். ஒருவர்தான் பிழைத்தார்.

சம்பளப் பட்டியலில் இருந்தவர்களுக்குக் கல்லில் பெயர் வெட்டுவார்கள். படகுக்காரரின் தாய்க்கும், சமையலறையில் நின்ற மனைவிக்கும் எந்தப் பட்டியல்?

வெளிச்சவீட்டடி (டொராண்டோ)

ஐயா, இந்தக் கடைசி வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டாள். மூன்று பேர் இருக்கிற வீட்டில் நாலு கோப்பை வைத்தாள்.

மயிலைக்காரன்

ரேடார் விஷயத்தில் என் கருத்து முழுக்க மாறவில்லை. போர் நடத்துகிறவன் விளக்கைக் குறி வைப்பான் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ஒரே ஸ்டேஷனில் ஆறு வார இடைவெளியில் இரண்டு குடும்பங்கள் என்பது நேற்று இரவு தூங்க விடவில்லை. இரண்டாவது முறை இறந்த அந்த அம்மாதான் முதல் முறை தாயை இழந்த குழந்தையைத் தூக்கி வைத்திருந்திருப்பாரோ என்று தோன்றியது. அதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. பக்கத்து வீடு என்றால் அப்படித்தானே இருக்கும்.

உப்புக்காற்று, 1971 போரின்போது உங்கள் அப்பா வேலையில் இருந்தாரா? பாகிஸ்தான் நீர்மூழ்கி காசி வங்கக் கடலுக்குள் வந்து விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது டிசம்பர் 3, 4 தேதிகளில். கிழக்குக் கரை முழுக்கப் பதற்றமாக இருந்திருக்குமே.

உப்புக்காற்று (அபர்டீன்)

எனக்குப் போர் இல்லாத பிள்ளைப் பருவம் என்று மேலே எழுதிவிட்டேன். மயிலைக்காரன் கேட்ட பிறகுதான் கணக்குப் பார்த்தேன். 1971-ல் எனக்கு ஐந்து வயது. அப்பா வேலையில்தான் இருந்தார், எனக்குத்தான் ஒன்றும் நினைவில்லை. அப்பா போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அதனால் நேற்று ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு எண்பத்து நான்கு வயது. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கூர்மை.

‘ஐந்து வயசுல என் மடியிலதான் இருந்தே, உனக்கு எங்க ஞாபகம் இருக்கும்’ என்று ஆரம்பித்தாள். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் அவளே கஞ்சிப்பசை காய்ச்சிக் கறுப்புத் தாள் ஒட்டினாளாம். சில இரவு விளக்கு ஏற்ற வேண்டாம் என்று அப்பாவுக்குச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் திரையை அவிழ்க்கவே இல்லை.

அந்த இரவுகளில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. சவுக்குத் தோப்பில் வெளிச்சம் தொட்டுத் தொட்டுப் போவதைப் பார்த்துப் பழகிய கண். அது வராதபோது ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று விழிப்பு வந்துகொண்டே இருந்ததாம். வழக்கமான நாட்களிலும் அப்படித்தான். தோப்பில் வெளிச்சம் தாமதித்தால் அப்பாவுக்கு முன்னால் அம்மாதான் எழுந்து உட்காருவாள். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் மேலே போய் அவரோடு உட்கார்ந்து எடைக்கல்லைச் சுற்றியதும் அவள்தான். இதை இத்தனை வருடம் அவள் சொன்னதே இல்லை. ஏனம்மா என்று கேட்டேன். ‘நீ கேக்கலையே’ என்றாள்.

இருட்டிலும் அப்பா தன் முறைக்கு மேலே போனார். நங்கூரம் ஐயா எழுதியது அப்படியே: ஸ்பிரிட் கிண்ணம் நிரம்பி, தீப்பெட்டி மடியில், எரியாத விளக்கின் பக்கத்தில் விடிய விடிய. அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு கோபுரத்தின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். மேலே அவர் இருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

மூன்றாவது நாள் காலையில் வள்ளத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நேராக ஸ்டேஷனுக்கு வந்தார்கள். இரவு விளக்கைக் காணாமல் திசை தப்பி வெகுதூரம் வடக்கே போய்க் கரையேறி, அங்கிருந்து நடந்தே வந்திருந்தார்கள். அதில் ஒருவரின் கால் சிப்பியில் கிழிந்திருந்தது. ‘ஏன் விளக்கப் போடல?’ என்று கேட்டார்கள். அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை, சொல்லவும் கூடாது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மா உள்ளே போய்ப் பானையில் இருந்த நீராகாரத்தை எடுத்து வந்து எல்லோருக்கும் ஊற்றினாள். கால் கிழிந்தவருக்கு மஞ்சள் அரைத்துக் கட்டினாள். ‘அதுக்குள்ள நீ முழிச்சுக்கிட்டு அழுதே’ என்றாள்.